விரலில் பட்ட பந்து

திருநீற்றுத் தட்டு செபாஸ்டின் முன்னால் வந்து நின்றது. அவன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"பூசுலே, சுருளி," என்றான் கேப்டன் பெரியமுத்து. பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில் அவனுக்கு ஒரு தனி ருசி.

"எம்பேரு செபாஸ்டின்."

"பேர மாத்துனா பந்து பயந்துருமோ?"

டீமே சிரித்தது. யாரோ காறித் துப்பினார்கள்.

பீர்மேட்டில் அந்தத் தேயிலை எஸ்டேட்டுக்காரர்கள் மாடசாமியைக் கும்பிடாமல் வாலிபால் ஆடியதே இல்லை. மைதானத்து ஓரத்தில் கல்லாக நிற்கிறவருக்குக் கற்பூரம் காட்டி, நெற்றி நிறையப் பூசிக்கொண்டுதான் இறங்குவார்கள். மூடுபனியில் பந்து நனைந்து வழுக்கினால் அங்கிருந்தே ஒரு பிடி திருநீறு அள்ளித் தேய்ப்பார்கள். சாமிக்குச் சாமியும் ஆச்சு, பிடிமானத்துக்குப் பிடிமானமும் ஆச்சு.

சுருளிவேலாக இருந்தவரை அவன் டீமுக்குச் செல்லப்பிள்ளை. விரலில் பட்டு வெளியே போன பந்தைப் படவே இல்லையென்று இதே மாடசாமி தலையில் அடித்துச் சத்தியம் செய்வான். அதற்காக அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியவர்கள்தான் இவர்கள். எமர்ஜென்சி வந்த வருஷம் மாதா கோயிலில் ஞானஸ்நானம் வாங்கினான், சாராயத்தை விட்டான், பொய்யை விட்டான். அதோடு வேண்டாதவனாகிப் போனான். அவனும் ஒன்றும் லேசுப்பட்டவன் இல்லை. மாடசாமி கொடைத் திருவிழாவுக்கு வரி கேட்டு வந்தவர்களிடம், "கல்லுக்கா?" என்று கேட்டு வைத்தவன். மனைவி சாந்தம்மாள் மட்டும் மாறவில்லை. "நீங்க போங்க. என்னயக் கூப்புடாதீங்க," என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

வலைக்கு மேலே அவன் அளவுக்குக் கை எட்டுகிறவன் வேறு யாரும் இல்லாததால்தான் டீமில் வைத்திருந்தார்கள். இந்த வருஷம் கப் வந்தால், ஆட்டக்காரர்களின் பெண்டாட்டிமாரில் தற்காலிகமாகக் கொழுந்து கிள்ளுகிறவர்களை நிரந்தரமாக்குவதாக எஸ்டேட் மானேஜர் பெரிய தொரை வாக்குக் கொடுத்திருந்தார். கொழுந்து குறைந்தால் முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறவள் சாந்தம்மாள். கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கூட்டத்தின் முன்வரிசையில் நின்றிருந்தாள்.

கடைசி செட். கீழ் எஸ்டேட்டுக்காரர்களுக்கு இன்னும் ஒரே பாயிண்ட் போதும். பனி இறங்கி, பந்து தொப்பலாகியிருந்தது. பெரியமுத்து திருநீற்றை அள்ளி, செபாஸ்டினை முறைத்துக்கொண்டே பந்து முழுக்கத் தேய்த்து எதிர்ப்பக்கம் வீசினான். சர்வீஸ் வந்தது. எடுத்துத் திருப்பி அடித்தார்கள். திரும்பி வந்த அடியைத் தடுக்க செபாஸ்டின் எம்பினான். பந்து அவன் நடுவிரல் நுனியை உரசிக்கொண்டு போய்க் கோட்டுக்கு வெளியே விழுந்தது. கையில் பட்டு வெளியே போனால் பாயிண்ட் எதிராளிக்கு.

நடுவர் விசிலடித்தார். "அவுட்! சர்வீஸ் இந்தப் பக்கம்."

தப்பித்தோம் என்று மைதானமே கத்தியது. சாந்தம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டாள். செபாஸ்டினுக்கு விரல் நுனி காந்தியது. பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும்.

"பாத்தியால? மாடசாமி காப்பாத்திட்டாரு!" என்று பெரியமுத்து அவன் முகத்துக்கு நேராகக் கொக்கரித்தான்.

செபாஸ்டின் கையைத் தூக்கினான்.

"சார், என் கையில பட்டுச்சு."

கையைத் தூக்க வைத்தது ஏசுவா, பெரியமுத்துவின் இளிப்பா என்று பின்னால் எத்தனை தடவை மண்டியிட்டும் அவனுக்கு விளங்கவில்லை. அந்த மூஞ்சி சுருங்கியதைப் பார்த்தபோது நெஞ்சு குளிர்ந்தது நிஜம்.

நடுவர் இரண்டாம் தடவையும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு நீளமாக விசிலடித்தார். ஆட்டம் முடிந்தது. பெரியமுத்து அவன் பனியனைக் கொத்தாகப் பிடித்தான்.

"ஒஞ்சாமிக்கு எங்க வீட்டுச் சோறுதான் கெடச்சுதாலே? இனி இந்தக் கிரவுண்டுல கால வச்ச, வெட்டிருவேன்."

லயத்து வரிசைவீட்டு ஜனம் ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனார்கள். சிலர் துப்பினார்கள். மற்றவர்கள் துப்பக்கூட நிற்கவில்லை. கடைசியில் சாந்தம்மாள் வந்து நின்றாள்.

"எந்த வெரலு?"

நீட்டினான். நடுவிரல் நுனியில் திருநீறு ஈரத்தோடு அப்பியிருந்தது. ஆட்டத்துக்கு முன்னால் தட்டில் வந்தபோது அவன் தொடமாட்டேன் என்ற அதே திருநீறு. அவசரமாக வேட்டியில் துடைக்கப் போனான். அவள் விடவில்லை. மணிக்கட்டை இறுகப் பற்றி, அந்த விரலை இழுத்துத் தன் நெற்றியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் தேய்த்தாள். பிறகு கையை உதறிவிட்டு, கூடையை எடுத்து முதுகில் மாட்டிக்கொண்டு, லயத்துக்குப் போகும் சரிவில் பனிக்குள் இறங்கினாள்.