ஸ்கேல் வெட்டிய ஓரம்

என் வீட்டுக்காரரை நாங்கள் தோட்டவேலை பார்க்கும் அலுவலகத்தில் ‘ஸ்கேல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். வாசல் காவலாளிக்குக்கூட அவருடைய சொந்தப் பெயர் தெரியாது. பூப்பாத்திக்கும் புல்தரைக்கும் நடுவே அவர் வெட்டும் ஓரம் அவ்வளவு நேராக இருக்கும். மொத்தம் எட்டுப் பாத்திகள். எட்டுக்கும் வாரம் ஒருமுறை ஓரம் வெட்ட வேண்டும். விட்டால் புல், இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கிய கதைதான்.

இது இரண்டு பேர் வேலை. இரு முனையிலும் முளை அடித்து நூல் கட்டுவோம். அரைவட்டத் தகடு வைத்த நீளக் கம்பை நூலோரம் ஊன்றி, காலால் மிதித்து மிதித்து அவர் முன்னே போவார். நான் பின்னால் குந்திக்கொண்டு, வெட்டுப்பட்ட புல்லைப் பிய்த்துக் கூடையில் போட்டு, ஓரத்தைக் கத்தியால் சீவி வருவேன். முடியும் வரை அவர் திரும்பிப் பார்க்கவே மாட்டார். பாதியில் திரும்பினால் கோடு கோணிவிடும் என்பது அவருடைய வேதவாக்கு. அந்தப் பிடிவாதம் எனக்கு வசதியாகப் போகும் என்று யார் கண்டது?

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய வலது கை நடுங்கத் தொடங்கியது. நரம்புக் கோளாறு என்றார் டாக்டர். காலை ஒரு மாத்திரை, இரவு ஒரு மாத்திரை. நிறுத்தினால் பிறகு கரண்டிகூடப் பிடிக்க முடியாது என்று என்னைப் பார்த்தே சொன்னார்.

மறுநாள் அவர் வெட்டிக்கொண்டு போன ஓரத்தைப் பின்னாலிருந்து பார்த்தேன். பகீரென்றது. நூல் ஒரு பக்கம் போகிறது, வெட்டு ஒரு பக்கம் போகிறது. சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் வேலை போகும். இவர் கண்ணில் பட்டால் மனிதர் உடைந்தே போவார். யோசிக்கவில்லை. நூலிலிருந்து ஒரு விரற்கடை புல்பக்கமாக, கோணல் மொத்தமும் போகும்படி சீவித் தள்ளினேன். முனைக்குப் போய்த் திரும்பியவர் அசந்து நின்றார்.

“பரவால்லடி. கைதான் ஆடுது, கோடு ஆடல.”

அந்த முகத்தைப் பார்த்து ஏதோ பெரிய புண்ணியம் கட்டிக்கொண்டதாக நினைத்தேன். மண்ணாங்கட்டி. அன்றிலிருந்து எட்டுப் பாத்திக்கும் அதே திருட்டு வேலைதான்.

முந்தாநாள் அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது மாத்திரை டப்பாவைத் திறந்தேன். தீர்ந்திருக்க வேண்டியது நிறைய இருந்தது.

“என்னங்க, மாத்திரை அப்படியே இருக்கு?”

“அதுவா? நிறுத்தி மூணு வாரம் ஆச்சு.”

“நிறுத்திட்டீங்களா? யாரக் கேட்டு நிறுத்துனீங்க?”

“யாரக் கேக்கணும்? முழுங்குனா தல சுத்துது, நாள் பூரா தூக்கம் வருது. அதான் கை சரியாயிடுச்சே. ஓரத்த நீ பாக்கல? முன்னவிட நேரா விழுது.”

“டம்ளர் பிடிக்கும்போது ஆடுதேங்க!”

“டம்ளரா நமக்குச் சோறு போடுது? வேலையில ஆடல. அது போதும்.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்திருந்தது. மூன்று வாரமாக அவர் நம்பிக்கொண்டிருந்தது டாக்டரை இல்லை, என் கத்தியை. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். கோபம் வந்தால் ஊரைக் கூட்டுகிற வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது.

இன்று காலை பெரிய வாசலுக்கு எதிரே இருக்கும் முதல் பாத்தி. பத்து மணிக்கு சூப்பர்வைசர் சுற்றி வருவார். சீவினால் இவர் மாத்திரையைத் தொடமாட்டார், சீவாவிட்டால் வேலை நிலைக்காது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கத்தியைக் கூடைக்கு அடியில் போட்டுவிட்டு, புல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனேன்.

ஓரிடத்தில் வெட்டு ஓர் உள்ளங்கை அளவு புல்லுக்குள் போயிருந்தது. என் கை தானாகக் கூடைக்கு அடியில் நுழைந்தது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். விரலெல்லாம் வேர்த்து, புல் ஒட்டிக்கொண்டு வந்தது. இன்னும் பத்தடி, ஐந்தடி என்று அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முனைக்குப் போனதும் திரும்பினார்.

“என்னடி பண்ணி வச்சிருக்க?” என்று கத்தினார். “கோழி கிளறுன மாதிரி இருக்கு! ஒழுங்கா சீவ மாட்டியா? இத்தன வருஷத்துல என்னத்தக் கத்துக்கிட்ட?”

பயந்துபோய் இருந்தவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

“ஆமா, சீவல! இன்னைக்குத்தான் சீவல! இதுதான் நீங்க வெட்டுனது. இவ்வளவு நாளா நேரா நேரான்னு பாத்தீங்களே, அது நான் வெட்டுனது!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவர் இரண்டாவது பாத்திக்குப் போனார். குனிந்து ஓரத்தை விரலால் தடவினார். மூன்றாவதுக்குப் போனார், நான்காவதுக்குப் போனார். அங்கிருந்தே கேட்டார்.

“மொத நாள்லேர்ந்தேவா?”

“ஆமாங்க.”

கம்பைப் புல்லில் படுக்க வைத்தார். அதற்குள் சூப்பர்வைசர் வந்து முதல் பாத்திக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

“யாரு வெட்டுனது இது?”

நான்தான் சார் என்பது என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

“நான் சார். எனக்குக் கை நடுங்குது. மத்த ஏழும் இவ வெட்டுனது.”

சூப்பர்வைசர் அவர் கையைப் பார்த்தார். மற்றப் பாத்திகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “மத்தியானம் ரெண்டு பேரும் ஆபீசுக்கு வாங்க,” என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தக் குரலில் நல்லது இருந்ததா கெட்டது இருந்ததா என்று இந்த நிமிஷம் வரை எனக்குப் பிடிபடவில்லை.

சாமான் அறையில் கவிழ்த்துப் போட்ட தொட்டிகள்மேல் உட்கார்ந்தோம். அவர் என் பையைப் பார்த்தார்.

“மாத்திரை வச்சிருக்கியா?”

பையிலிருந்து எடுத்து நீட்டினேன். கட்டைவிரலால் அட்டையை அழுத்தினார். விரல் வழுக்கியது. மறுபடி அழுத்தினார். அட்டை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தார். பிடுங்கி ஒரு நொடியில் பிதுக்கிக் கொடுத்துவிடலாம், எனக்கு அதுதானே பழக்கம். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் போட்டு அழுத்தி உட்கார்ந்துகொண்டேன். மாத்திரை ஒருவழியாக அவர் உள்ளங்கையில் விழுந்தது.

“தண்ணி,” என்றார்.

அதை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.