முன்னால் போகிறவள்

கௌசல்யா என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு முப்பத்தாறு கிலோமீற்றர் ஓடினாள். ஒலிபெருக்கிக்காரன் அதைத் தந்திரோபாயம் என்றான். என்னிடம் வேறு சொல் இருக்கிறது. நான் ஞாயிறு பூசைக்குப் போகிறவள் என்பதால் வாய்க்குள் வைத்திருக்கிறேன்.

நாங்கள் இருவரும் பாலாவிப் பக்கத்து உப்பளம் ஒன்றில் பத்து வருடமாகக் கூடை சுமக்கிறவர்கள். ஆகஸ்டில் தென்மேற்கிலிருந்து சோழகக் காற்று அடித்தால் வரம்பில் நிமிர்ந்து நடக்க முடியாது. தலையில் உப்போடு பெண்கள் ஒற்றை வரிசையில் போவோம். முன்னால் போகிறவள் காற்றை வாங்குவாள், பின்னால் வருகிறவளுக்கு அதில் பாதிதான். மடைக்கு மடை முன்னால் போனவள் ஒதுங்க, அடுத்தவள் முன்னுக்கு வருவாள். யாரும் கேட்பதில்லை. கேட்க வைப்பதே வெட்கக்கேடு.

கற்பிட்டிப் பக்கம் புதிதாக வந்த ஹோட்டல் ஒன்று அந்த ஓட்டத்தை அறிவித்தது. கந்தக்குளியிலிருந்து உடப்பு வரை ஐம்பது கிலோமீற்றர். மணல், முட்பற்றை, இறால் பண்ணை வரம்பு. மாவட்டத்துப் பெண்களில் முதலாவதாக வருகிறவளுக்கு நிரந்தர வேலை. வெள்ளைக்காரரைக் கூட்டிக்கொண்டு ஓடுகிற வேலை. எனக்கு முப்பத்துமூன்று வயது. உப்பு அரித்த குதிக்கால் வெடிப்பு எனக்கு ஒருநாளும் ஆறுவதில்லை. அந்த வேலை எனக்கு வேண்டும். அவளுக்கும் வேண்டும் என்று தெரியும். நாற்பத்தெட்டு வரை சேர்ந்து ஓடுவோம், கடைசி இரண்டில் யாருக்குக் கால் இருக்கிறதோ அவள் எடுக்கட்டும் என்று பேசிக்கொண்டோம்.

திட்டம் நான் போட்டது. கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம்தான் எங்கள் வேகம். கதை நின்றால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம், உடனே குறைக்க வேண்டும். முதல் பாதியில் மூச்சை மிச்சம் பிடித்தவளுக்குத்தான் பின்பாதி. மூன்று மாதம் வேலை முடிந்த பிறகு இப்படித்தான் ஓடிப் பழகினோம்.

விடியற்காலை காற்றில்லை. பக்கத்தில் பக்கத்தில் ஓடினோம். பன்னிரண்டாவது கிலோமீற்றரில் சோழகம் எழும்பியது, நான் முன்னுக்குப் போனேன். பதினைந்தாவது கிலோமீற்றர்ப் பலகையில் ஒதுங்கினேன். அவளும் ஒதுங்கினாள். கவனிக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். இருபதில் ஒதுங்கினேன். அவளும் ஒதுங்கினாள்.

பின்னால் இருந்து கதை மட்டும் நிற்காமல் வந்தது. மாமியின் கோழி களவுபோனது, முன்னேஸ்வரத் திருவிழாவில் காப்பு வாங்கியது, எல்லாம் சொன்னாள். எனக்கு ‘ஓம்’ என்று சொல்லவும் மூச்சில்லை. என் திட்டப்படி அந்த இடத்திலேயே வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும். ஆனால் சிலாபத்துக்காரி ஒருத்தி முந்நூறு மீற்றர் பின்னால் வந்துகொண்டிருந்தாள். குறைத்தால் வேலை எங்கள் இருவருக்குமே இல்லை. அத்தோடு எனக்கு வீம்பும் இருந்தது. அடுத்த பலகையில் வருவாள், அதற்கடுத்ததில் வருவாள் என்று நம்பிக்கொண்டே ஓடினேன். நம்ப நட, நம்பி நடவாதே என்று சும்மாவா சொன்னார்கள்.

நாற்பத்தெட்டாவது பலகையில் கதை நின்றது. அவள் என்னைத் தாண்டிப் போனாள். என் முகத்தில் வியர்வை காய்ந்து உப்பாய்ப் படிந்திருந்தது. அவள் முகம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. என் கால்கள் நனைந்த சாக்காகக் கனத்தன. சிலாபத்துக்காரியும் தாண்டினாள். நான் மூன்றாவதாக வந்தேன்.

உடப்பில் அவளுக்கு மாலை போட்டிருந்தார்கள். நேரே போய்க் கேட்டேன்.

“ஏனடி, ஒருக்காலும் முன்னுக்கு வரேல்ல?”

“நீ கேக்கேல்லயே, மக்டலின்.”

“உப்பளத்தில கேட்டோ வாறனீ?”

அவள் மாலையைச் சரிசெய்தாள். “இது உப்பளம் இல்லையே.”

உண்மைதான். ஐம்பது கிலோமீற்றரும் நான் உப்பளத்துக்குள்தான் ஓடியிருக்கிறேன். அவள் கந்தக்குளியிலேயே அதை விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

பத்து நாள் கழித்து மறுபடி கூடை தூக்கினேன். எனக்கு முன்னால், வரிசையின் முதல் ஆளாகத் தவமலர் அக்கா நடந்தார். ஐம்பத்தெட்டு வயது, இருமல்காரி. அன்று காற்று மணலை வாரி அடித்தது. முதல் மடையில் அக்கா வழமைபோல ஒதுங்கினார். நானும் ஒதுங்கினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். “என்ன பிள்ளை, கால் நோகுதோ?”

“ஓம் அக்கா.”

கால் நோகவில்லை. அவர் சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். அடுத்த மடையில் அவர் ஒதுங்கவே இல்லை. அவருடைய முதுகுக்குப் பின்னால் காற்றே தெரியவில்லை. உப்புக் குவியல் வரை அவருடைய இருமலைக் கேட்டுக்கொண்டே போனேன்.