கருமணல் நிரப்பிய அறை

முன்னறைத் தரையில் வைத்தபோது கதிர்வீச்சை அளக்கிற அந்தக் கருவி எப்போதாவது ஒரு தட்டுத் தட்டியது. பின்னறையில் வைத்ததும் காய்ந்த எண்ணெயில் கடுகு விழுந்ததுபோலப் பொரியத் தொடங்கியது. என் மகள் ரெஜிலா அதைக் கட்டிலுக்கு அடியிலும் அலமாரி ஓரத்திலும் வைத்துப் பார்த்தாள். எங்கே வைத்தாலும் அதே பொரிச்சல். எனக்கு எரிச்சலாக வந்தது. லீவுக்கு வந்த பிள்ளை தின்று உறங்கிப் போகவேண்டியதுதானே, எதற்கு இந்த வேண்டாத வேலை?

“அப்பா, இந்தத் தரைக்கு அடியில என்ன மண்ணு போட்டிய?”

“கருமணலு. கடப்பொறத்துலேருந்து ரெண்டு டெம்போ. எதுக்கு கேக்க?”

அவள் கருவியை அணைத்தாள். புதுக்கடை வட்டாரத்தில் முப்பது வருசமாகத் தரை போடுகிற கொத்தன் நான். கடற்கரைக் கருமணலில் கறையான் ஏறாது என்பது எங்கள் ஆட்களிடையே உள்ள பேச்சு. மகன் அபினேஷின் கல்யாணத்துக்காக இந்தப் பின்னறையைக் கட்டியபோது முழங்கால் உயரத்துக்கு அதை நிரப்பி, தண்ணீர் விட்டு இடித்து, மேலே டைல்ஸ் ஒட்டினேன். ஊரார் வீட்டுக்கெல்லாம் கல்லுடைத்த கிரஷர் பொடி, என் பிள்ளைக்கு மட்டும் கருமணல். அந்தச் சவத்துப் பெருமையை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

அபினேஷ் மஸ்கட்டில் இருக்கிறான். அவன் பெஞ்சாதி சுபிதாவுக்கு இந்த அறைதான். இப்போது அவளுக்கு வயிற்றில் ஆறு மாசம். போன வருசம் ஐந்தாம் மாசத்தில் ஒன்று போய்விட்டது. ஸ்கூட்டரில் சுற்றித்தான் கெட்டது என்று வீடே சொன்னது. முதலில் சொன்ன வாய் என்னுடையது. அதற்குப் பிறகு அவள் வண்டியைத் தொடவில்லை.

சுபிதா சபையில் பெண்கள் ஜெபத்துக்குப் போயிருந்தாள். ரெஜிலா என்னைப் பின்பக்கம் கூட்டிப்போய், மிச்சம் கிடந்த மணலில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் காட்டினாள். அணுக்கழிவை அடைத்துவைக்கும் பீங்கான் எத்தனை காலம் தாங்கும் என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி.

“இந்த வெள்ளத்தரி இருக்குல்லா, இது சிர்க்கான். இரும்பு மாதிரி உறுதி. ஆனா உள்ளுக்குள்ள கொஞ்சம் யுரேனியம் உண்டு. அதோட அணு ஒவ்வொண்ணா உடையும்போ கதிர் தெறிச்சு, சுத்தியிருக்க அடுக்கைத் தட்டிவிடும். நீங்க நூலு பிடிச்சு ஒட்டுன டைல்ஸை அடியிலேருந்து ஒருத்தன் இளக்கிவிடுகது மாதிரி. வெளிய மினுக்கம் குறையாது. உள்ள வரிசையே இல்லாமப் போயிரும். பொறவு வீங்கி வெடிக்கும்.”

“எத்தன நாளாவும்?”

“கோடிக்கணக்கான வருசம்.”

எனக்கு உயிர் வந்தது. “அப்ப நமக்கென்ன மக்களே?”

“கல்லுக்குத்தான் அத்தன காலம் வேணும் அப்பா.”

நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டேன். போன வருசம் போனதும் இதனால்தானா என்று கேட்டேன். எப்படியோ கேட்டுவிட்டேன்.

“ஆமான்னு யாராலயும் சொல்ல முடியாது. இல்லன்னும் முடியாது. மைனிய இன்னைக்கே முன்னறைக்கு மாத்துங்க. காரணத்த நீங்களே சொல்லணும்.”

டைல்ஸ் இளகியிருக்கிறது, பொளித்தெடுத்து ஒட்டவேண்டும் என்று சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கொத்தன் சொன்னால் யார் மறுத்துப் பேசப்போகிறார்கள்? ஸ்கூட்டர் மேல் போட்ட பழி ஸ்கூட்டர் மேலேயே கிடந்துவிட்டுப் போகட்டும். அப்படி நினைத்ததற்கே என்மேல் எனக்கு அருவருப்பு வந்தது.

சுபிதா வந்து, பைபிளை அலமாரியில் வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். வெயிலில் நடந்ததில் கால் வீங்கியிருந்தது. ரெஜிலா வாசலில் நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மணலை, கருவியை, கறையான் பேச்சை. வண்டியைக் குற்றம் சொன்னது தப்பு என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் அழவில்லை. குனிந்து தரையைப் பார்த்தாள்.

“கட்டில்ல சூடுன்னு, போன தடவ அஞ்சு மாசமும் இந்த வெறுந்தரையிலதான கெடந்தேன், மாமா?”

தரையில் ஊன்றியிருந்த இரண்டு காலையும், ஒன்றன்பின் ஒன்றாக, அவள் கையால் பிடித்துத் தூக்கிக் கட்டில்மேல் வைத்துக்கொண்டாள்.