பின்னிக்கு அவித்த மா ஆகாது

1

இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. இது என்னிடம் கேட்கப்பட்ட கதை. கேட்டவள் என் தம்பி மதுஷனின் மனைவி நவ்தீப். பஞ்சாபில் ஹோஷியார்பூர் பக்கத்துப் பெண். சுவிஸில் லுசேர்னுக்கு ஹோட்டல் படிப்புக்கு வந்து, அங்கே ஒரு சமையலறையில் என் தம்பியைக் கண்டு, எங்கள் வீட்டு மருமகளாகி, மூன்று வருடத்தில் எங்களைவிட நன்றாகத் தமிழ் கதைக்கப் பழகிவிட்டாள். (மிகை. “எங்களைவிட” என்பதை வெட்ட வேண்டும். ஆனால் தமிழ் வாசிக்கத் தெரியாத அவளுக்கு இதைத் தம்பிதான் வாசித்துக் காட்டப்போகிறான். இருக்கட்டும், சந்தோஷப்படுவாள்.)

கார்த்திகை மாதம் அது. சோலோதுர்னில் எங்கள் குசினி மேசையில், எட்டு மாத வயிற்றோடு அல்வாவுக்குக் கரட் துருவிக்கொண்டிருந்தவள் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

“மச்சாள், நீங்கள் கதை எழுதுறனீங்கள்தானே. என்ர அம்மா பின்னி கொண்டு வாற மாதிரி ஒண்டு எழுதுங்கோ.”

பின்னி என்பது பஞ்சாபிகள் குளிர்காலத்தில் பிடிக்கும் உருண்டை. கோதுமை மாவை நெய்யில் சிவக்க வறுத்து, வெல்லம், பாதாம், பொரித்த மரப்பிசின் எல்லாம் சேர்த்துப் பிடிப்பார்கள். பிள்ளை பெற்றவளுக்கு உடம்பு தேற அதைத்தான் கொடுப்பார்கள். தாய்வீட்டிலிருந்து தாய்தான் கொண்டுவர வேண்டும். தன் பின்னியைத் தானே பிடிக்கிறவள் யாருமற்றவள் என்று நவ்தீப் வீட்டில் ஒரு பேச்சு இருக்கிறதாம். அவளுடைய தாய் பல்விந்தர், மகள் எங்கள் வீட்டுப் பையனைக் கட்டிய நாளிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை கதைத்ததில்லை.

நான் ஓம் என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டது அப்படித்தான்.

2

முதல் தொடக்கம்: “சோலோதுர்ன் நகரத்தின்மேல் பனி மெல்ல மெல்ல—”

வெட்டினேன். அந்த மார்கழியில் பனி கொட்டவே இல்லை. மழை. மழை விட்டால் ஆரே ஆற்றிலிருந்து எழும்பும் வெள்ளைப் புகார் மூட்டம். சுவிஸ் என்றதும் பனியைக் கொட்டுவது கலண்டர் படம் பார்த்து எழுதுகிறவர்களின் வேலை.

இரண்டாம் தொடக்கம்: “விமான நிலையத்தில் ஒரு தாய், கையில் தகர டின்னுடன்—”

இதையும் வெட்டினேன். கேட்டதை முதல் வரியிலேயே கொடுத்துவிட்டால் மிச்சக் கதைக்கு நான் எங்கே போவது?

மூன்றாவது தொடக்கம் உண்மையில் நடந்தது. அதனால் எழுதக் கஷ்டமாக இருந்தது. கலியாணம் முடிந்த முதல் வருடம், இலையுதிர்காலத்தில், ஆராவ் தமிழ்க் கடையில் சாமான் வாங்கிக்கொண்டு நானும் நவ்தீப்பும் காரில் வந்துகொண்டிருந்தோம். திடீரென்று நிறுத்தச் சொன்னாள். றோட்டுக்கு அந்தப் பக்கம் வயல் முழுக்க மஞ்சள். கடுகு பூத்திருந்தது. இங்கத்தைய விவசாயிகள் அறுவடைக்குப் பிறகு அதை விதைத்து, பசளைக்காக அப்படியே உழுது மூடிவிடுவார்கள். அவளுடைய ஊரிலோ அந்த இலையை வேகவைத்துக் கடைந்து, மேலே வெண்ணெய் வைத்து, சோள ரொட்டியோடு குளிர்காலம் முழுக்கச் சாப்பிடுவார்கள்.

அவள் காலில் போட்டிருந்த சப்பாத்தோடு சேற்றுக்குள் இறங்கிவிட்டாள். டிராக்டரில் வந்த விவசாயிக்கு நான் சுவிஸ் ஜேர்மனில் விளக்கம் சொன்னேன். இது நிலம் சாப்பிடுகிற சாப்பாடு, மனுசருக்கானதில்லை என்றார் அவர். பிறகு நவ்தீப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேண்டிய அளவு பிடுங்கச் சொன்னார். இரண்டு பை நிறையப் பிடுங்கினோம். சோள மா கிடைக்கவில்லை. இத்தாலியர் களி கிண்டும் கரடுமுரடான சோளக் குறுணை, போலெந்தாதான் இருந்தது. ரொட்டி கல்லிலேயே உடைந்து போனது. என் அம்மா ஜெயகௌரி உடைந்த துண்டுகளைக் கடுகுக் கடையலில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, இதுக்குக் கொஞ்சம் தேங்காய்ப்பால் விட்டால் என்ன என்று கேட்டா.

அன்று நவ்தீப் சாப்பாட்டுக் கோப்பையைப் படமெடுத்துத் தாய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். தாய் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு குளிர்காலமும் எதைச் சமைத்தாலும் அனுப்பினாள். இங்கத்தைய கரட்டில் அல்வா அந்த ஊர்ச் சிவப்புக்கு வராது, அதையும் அனுப்பினாள். எல்லாவற்றுக்கும் நீலக் கோடு. பல்விந்தர் அவளுடைய நம்பரைத் தடைசெய்யவும் இல்லை, பதில் எழுதவும் இல்லை.

3

இந்த இடத்தில்தான் கதை நொண்டியடிக்கத் தொடங்கியது. பல்விந்தர் எனக்குப் பிடிபடவே இல்லை. நான் அவரைக் கண்டதில்லை. குரலைக்கூடக் கேட்டதில்லை.

ஒரு பிரதியில் அவரைக் கல்நெஞ்சக்காரி ஆக்கினேன். மதுஷன் வாசிக்க, நவ்தீப் கேட்டுவிட்டு, அம்மா அப்படியில்லை என்றாள். அடுத்த பிரதியில் அவர் மகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து அறைக்குள் ஒளித்திருந்து அழுதார். நவ்தீப் அதற்கும் இல்லை என்று தலையாட்டினாள்.

“அம்மா ஒளிச்சு அழமாட்டா மச்சாள். அவ அழுதா தெரு முழுக்கக் கேக்கும்.”

(பாத்திரம் தெரியாத எழுத்தாளர் செய்யும் வேலை இதுதான். தனக்குத் தெரிந்த யாரையோ கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவது. ஒளித்திருந்து அழுகிறவர் என் அம்மா.)

கதவைப் பூட்டாத, ஆனால் திறந்தும் விடாத ஒரு மனுசியை எப்படி எழுதுவது? கோபம் என்றால் மூன்று வருடம் ஒவ்வொரு படத்தையும் ஏன் திறந்து பார்க்க வேண்டும்? பாசம் என்றால் ஒரு சொல் எழுத எவ்வளவு நேரம் போகும்? உண்மையைச் சொன்னால், எனக்கு அவர்மேல் கடும் கோபம். கோபத்தோடு எழுதினால் பாத்திரம் உயிர் பிடிக்காது என்று மற்றவர்களுக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். முடிவு அ: பல்விந்தர் விமானம் ஏறி வருகிறார், டின்னைத் திறக்கிறார், எல்லோரும் அழுகிறோம். அதைக் கேட்டு நவ்தீப், தகர டின் இல்லை, எவர்சில்வர் டப்பா என்று மட்டும் திருத்தினாள். முடிவு ஆ: பின்னிப் பார்சல் வந்துசேரும் அதே நாளில், அனுப்பிய தாய் ஊரில்— மதுஷன் இந்த வரியோடு கடதாசியை மடித்துத் திருப்பித் தந்துவிட்டான்.

4

தை பதினோராம் திகதி பெண் குழந்தை பிறந்தது. நவ்தீப் தன் போனிலிருந்து படம் அனுப்பவில்லை.

“நீங்கள் அனுப்புங்கோ மச்சாள். இதுக்கும் பதில் வராட்டில் எனக்குத் தாங்காது.”

படம், பெயர், நிறை எல்லாம் போட்டு என் போனிலிருந்து அனுப்பினேன். நீலக் கோடு.

அம்மா சரக்குக் கறி வைத்தா. உள்ளி, மிளகு, மல்லி எல்லாம் அரைத்து, பிள்ளைப்பெற்றவளுக்கு எங்கள் வீடுகளில் வைக்கும் அதே கறி. நவ்தீப் முகம் சுளிக்காமல் சாப்பிட்டாள். மூன்றாவது கிழமை அவள் போனில் ஏதோ இனிப்புக் கடையின் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். வாங்குவோமா என்று கேட்டேன். கடையில் வாங்கினால் அது வெறும் இனிப்புத்தான் என்று மூடிவைத்துவிட்டாள்.

எழுதத்தான் வரவில்லை, கிண்டியாவது பார்ப்போம் என்று இறங்கினேன். மேல்மாடியில் நவ்தீப்பின் குசினியில் நல்ல ஆட்டா மா ஒரு மூட்டை இருந்தது. கேட்டால் விஷயம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டுக் கோதுமை மாவை எடுத்தேன். எங்கள் வீட்டில் மா என்றால் அவித்த மா. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் அம்மா மாவைத் துணியில் கட்டி நீராவியில் அவித்து, அரித்து, போத்தலில் போட்டு வைத்திருப்பா. மாவை அவிக்காமலும் ஒரு பலகாரம் செய்யலாம் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. ஒரு மணித்தியாலம் நெய்யில் வறுத்தேன். வெள்ளை வெள்ளையாகவே கிடந்தது, வாசமும் வரவில்லை. பிசினைப் பொரிக்காமல் இடித்துப் போட்டுவிட்டேன். பிடித்த உருண்டை கையிலேயே உதிர்ந்தது. இனிப்புப் பிட்டுக்குள் கல் போட்டது போல இருந்தது.

அந்தக் கண்றாவியைப் படமெடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. பல்விந்தருக்கு அனுப்பினேன். மகளைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. மா அவித்தது முதல் பிசின் இடித்தது வரை நான் செய்ததை வரிசையாக எழுதி, போனைக் கொண்டே பஞ்சாபிக்கு மாற்றி, கடைசியில் கேட்டேன்: என் மா ஏன் சிவக்கவில்லை?

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. எழுத்தில் இல்லை, குரலில். இரண்டு நிமிடம் நாற்பத்தொரு வினாடி.

5

(கவனிக்கவும்: மூன்று மாதமாக நான் உருவாக்கப் பாடுபட்ட பாத்திரம், என்னைக் கேட்காமலே கதைக்குள் வந்து கதைக்கத் தொடங்கிவிட்டது. எனக்கோ அதன் மொழி தெரியாது.)

தடித்த குரல். கொஞ்சம் அவசரம். ஆட்டா, பிசினுக்கு அவர்கள் சொல்லும் கோந்த் என்ற இரண்டு சொல் பிடிபட்டது. கடைசிப் பக்கம் குரல் மெதுவாகிவிட்டது. போனை எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஓடினேன்.

நவ்தீப் குழந்தையை மடியில் வைத்திருந்தாள். தாயின் குரலின் முதல் சொல்லிலேயே நிறுத்திவிட்டு, குழந்தையோடு எழும்பிக் குசினிக்கு வந்தாள். பிறகு என்னை அடுப்பைப் பற்றவைக்கச் சொன்னாள். ஆட்டா மூட்டையைக் காட்டினாள். அகப்பையை எடுக்கக் கை நீட்டியவள், நினைவு வந்து கையை இழுத்துக்கொண்டாள். தன் பின்னியை அவள் தானே கிண்டக்கூடாது. நான் கிண்டினேன்.

ஒரு வசனம் போடுவாள், நிறுத்துவாள், எனக்குத் தமிழில் சொல்லுவாள்.

“மாவை அவிக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது எண்டு கேக்கிறா.”

நெய்யைக் கூட்டச் சொன்னார் பல்விந்தர். நெருப்பைக் குறைக்கச் சொன்னார். பிசினைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பொரித்தால் பொரி போல ஊதும், அதற்குப் பிறகுதான் இடிக்க வேண்டும் என்றார். மா சிவக்க முக்கால் மணித்தியாலம் ஆகும், அதற்கு முன் யார் கூப்பிட்டாலும் போகக்கூடாது என்றார். நவ்தீப் சிரித்தாள். தாயைப் போலவே குரலைத் தடிப்பாக்கிச் சொன்னாள். பிள்ளை பிறந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

ஒரு இடத்தில் நிறுத்தி, செய்முறை முடிந்தது, இனி மா சிவந்ததும் உருண்டை பிடிப்பதுதான் என்றாள். திரையைப் பார்த்தேன். இன்னும் நாற்பத்தொன்பது வினாடி மிச்சம் இருந்தது.

அவளும் பார்த்தாள். நெய் வாசத்துக்கு மேலே ஏறி வந்திருந்த என் அம்மாவிடம் குழந்தையைக் கொடுத்தாள். போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

6

நாற்பத்தொன்பது வினாடி. அவள் இருபது நிமிடம் வெளியே வரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அதே குரல் திரும்பத் திரும்பக் கேட்டது. எத்தனை தரம் என்று எண்ணவில்லை. அம்மா என்னைப் பார்த்தா. நான் சட்டிக்குள் பார்த்தேன்.

வெளியே வந்து போனை மேசையில் வைத்தாள். முகம் கழுவியிருந்தாள்.

“அம்மா என்ன சொன்னவ?” என்று கேட்டேன்.

“அதை மட்டும் எழுதாதேங்கோ மச்சாள்.”

கதையைக் கேட்டவளே அவள்தான். முடிவு வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இல்லாமல் வேறு யாருக்கு இருக்கிறது? அந்தக் குரல் இன்னும் என் போனில் இருக்கிறது. மொழிபெயர்க்க வழியும் இருக்கிறது. நான் செய்யவில்லை. செய்ய ஆசையாக இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வினாடிகளுக்குள் வரக்கூடியது என்று பதினொரு பிரதி எழுதிக் கிழித்தேன். மன்னிப்பு எழுதினேன், ஏச்சு எழுதினேன், குழந்தையின் பெயரை மட்டும் எழுதினேன். ஒன்றும் அந்தக் குரலுக்குப் பொருந்தவில்லை.

ஆகவே அந்த நாற்பத்தொன்பது வினாடி உங்களிடம். நீங்கள் நிரப்புங்கள். பார்த்து நிரப்புங்கள், அவசரப்பட்டு யாரையும் மன்னித்துவிட வேண்டாம். மதுஷன் இதை வாசித்துக்கொண்டிருக்கிறான், அவள் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்று அவள் என் தோளுக்கு மேலால் சட்டியை எட்டிப் பார்த்து, கடைசியாகச் சொன்னதை எழுதத் தடையில்லை.

“இன்னும் சிவக்கேல்லை. கையை எடுக்காமல் கிண்டுங்கோ.”

கிண்டினேன்.