நிலுவை பூஜ்யம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் லஞ்சம் வாங்குகிறவன் இல்லை. இருபத்தாறு வருஷ சர்வீஸில் மனுவோடு வந்தவர்கள் கையால் ஒரு வாய் டீ கூடக் குடித்ததில்லை. அந்தத் திமிர்தான் என்னைக் கெடுத்தது.

வெள்ளத்துக்கென்று எங்களிடம் மூன்று துறைகள் இருந்தன. தண்ணீரிலிருந்து ஆளைத் தூக்குகிறவர்கள் ஒரு கட்டடம். தூக்கிய ஆளுக்குப் போர்வை கொடுப்பவர்கள் இன்னொரு கட்டடம். இடிந்த வீட்டைக் கட்டித் தருகிற நாங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். வீடு போனவர்கள் மூன்று இடத்திலும் ஒரே கதையைச் சொல்லித் தொண்டை வற்றிப்போவார்கள். போன வெள்ளத்தில் ஜனங்கள் எங்களைக் கிழிகிழியென்று கிழித்தார்கள். அதற்குப் பிறகுதான், மூன்றையும் கலைத்து ஒரே பேரிடர் துறையாக ஆக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. அதில் ஒரு வரி: பழைய துறைகள் நிலுவை ஏதும் இல்லாமல் ஒப்படைக்க வேண்டும்.

வீட்டு மனுப் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். என்னிடம் இருந்தவை முந்நூற்று நாற்பது மனுக்கள். கெடுவோ பத்து நாள். ஒவ்வொரு வீட்டையும் நேரில் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும், இருப்பதோ மூன்று பொறியாளர்கள். கணக்கு உதைத்தது. ஒவ்வொரு கோப்பின் மேலும் ‘புதிய துறைக்கு அனுப்பப்பட்டது’ என்று எழுதிவிட்டு, கணினியில் ‘முடிக்கப்பட்டது’ என்ற கட்டத்தைத் தட்டினேன். தட்டாவிட்டால் நிலுவை என்று காட்டும். பெயர்களைப் பார்க்கவில்லை, பார்த்தால் கை ஓடாது. அங்கே போனதும் எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். எதையும் நினைக்காமல் இருந்துகொண்டேன்.

நிலுவை பூஜ்யம் காட்டியது எங்கள் பிரிவு மட்டும்தான். இயக்குநர் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொன்னார், எல்லோரும் கைதட்டினார்கள். நானும் வெட்கமே இல்லாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். புதிய துறை முடிந்த கோப்புகளை முடிந்த கோப்புகளாகவே வாங்கி, கீழ்த்தளத்தில் அடுக்கிப் பூட்டியது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அந்த வரிசையில் நாற்பத்தோராவது மனு என் அக்காவுடையது.

ஆற்றோரத்து வீடு போனதிலிருந்து அக்காவும் மாமாவும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருக்கிறார்கள். மாமாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. துறைகள் இணைந்த பிறகு அக்கா இரண்டு தரம் போன் செய்தாள். இரண்டு தரமும் எரிந்து விழுந்தேன். “தம்பிங்கறதுக்காக உன் மனுவை நான் மேல தூக்கி வெக்க முடியாதுக்கா. இனிமே கேக்காதே,” என்றேன். கேட்கவில்லை. நேர்மையாக நடந்துகொண்டதாக எனக்குள் ஒரு பெருமை வேறு.

ஒரு திங்கட்கிழமை, மனுநாள். எங்கள் புதிய துறையின் கூடத்தில் கூட்டம் நெரிந்தது. மேற்பார்வைக்குச் சுற்றிவந்தவன் மூன்றாவது ஜன்னலில் அக்காவைப் பார்த்தேன். என்னிடம் சொல்லாமல் வந்து, எல்லோரையும் போல டோக்கன் எடுத்து உட்கார்ந்து, முறை வந்து நிற்கிறாள். கணினி முன்னால் இருந்த பெண் பட்டியலைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“முடிச்சாச்சுன்னு இருக்கேம்மா. வீடு குடுத்துட்டாங்கன்னு அர்த்தம்.”

“குடுத்திருந்தா நான் ஏம்மா காலையிலேருந்து இங்க தவம் கெடக்கறேன்?”

“இருங்க, யாரு முடிச்சதுன்னு பாக்கறேன்.” அந்தப் பெண் திரையை அக்காவின் பக்கமாகவும் கொஞ்சம் திருப்பினாள்.

இரண்டே எட்டில் உள்ளே போனேன். “நீ போய் டீ குடிச்சிட்டு வாம்மா, இதை நான் பாத்துக்கறேன்.” அவள் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், எழுந்து போனாள்.

பழைய எண்ணை மீட்க ஒரே வழிதான் உண்டு. முடித்தவரே தன் கைப்பட, தவறாக முடித்துவிட்டேன் என்று எழுதித் தர வேண்டும். ஒன்றுக்கு எழுதினால் மீதி முந்நூற்று முப்பத்தொன்பதும் வெளியே வரும். வெள்ளிக்கிழமை துணை இயக்குநர் பதவி உயர்வுப் பட்டியல். அதில் என் பெயர் இருப்பதாகப் பேச்சு.

“துறை மாத்தும்போது ஏதோ கோளாறு ஆயிடுச்சுக்கா,” என்றேன். “புதுசா ஒரு மனு போட்டுடு.”

“புதுசாவா? அப்ப என் வரிசை?”

“கடைசியிலேருந்துதான் வரும். ஆயிரத்து இருநூறு சொச்சம்.”

“ரெண்டு வருஷம் ஆகுமா?”

“ஆகலாம்.”

“இந்த வெயில்ல அந்தத் தகரத்துக்குக் கீழ மாமாவால மூச்சே விட முடியலடா,” என்றாள். குறையாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். நான் படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

நிதானமாக எழுதினாள். பெயர், கணவர் பெயர், இடிந்த வீட்டின் கதவெண். ஏழாவது கட்டத்தில் பேனா நின்றது. இதற்கு முன் மனு செய்ததுண்டா? உண்டு என்று போட்டால் பழைய எண்ணைக் கேட்பார்கள், பழைய எண் விசாரணைக்குப் போகும், விசாரணை நேராக என் மேஜைக்கு வரும்.

“இங்க என்னடா போடறது?”

“இல்லன்னு போடுக்கா.”

நிமிர்ந்து பார்த்தாள். சின்ன வயதில் நான் எதையாவது உடைத்துவிட்டு நிற்கும்போது பார்ப்பாளே, அதே பார்வை.

“அந்தப் பொண்ணு திருப்பினப்பவே படிச்சுட்டேன்,” என்றாள் மெதுவாக. “உன் பேருதான் இருந்துச்சு.”

அக்கா திட்டுவாள் என்று காத்திருந்தேன். நாலு பேர் பார்க்க அறைந்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் குனிந்து, ஏழாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டு என் பக்கம் தள்ளினாள்.

“இத்தனை வருஷம் சேத்த பேரு. என்னால உனக்கு ஒண்ணும் ஆக வேண்டாம்,” என்றாள். “மாமாகிட்ட மட்டும் நீயே வந்து சொல்லிடு. எனக்கு அவர்கிட்ட பொய் சொல்ல வராது.”

சரி என்று தலையாட்டினேன். அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு ஒரு வெள்ளைத் தாளை எடுக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எடுக்கவில்லை. முத்திரை குத்தி ரசீதைக் கொடுத்தேன். எண் ஆயிரத்து இருநூற்றுப் பதினான்கு. அவள் அதை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, “மத்தியானம் நேரத்துக்குச் சாப்பிடு,” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை பட்டியல் வந்தது. என் பெயர் இருந்தது. இன்றைக்கு எனக்குத் தனி அறை, வாசலில் பெயர்ப்பலகை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தக் கொட்டகைக்கு இங்கிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். நான் இன்னும் போகவில்லை.