பொம்மைக்குக் கட்டிய பெல்ட்

படத்தில் முதுகெலும்பின் ஓரமாக மங்கலாக ஒரு கறை. சிறுநீரகத்துக் கட்டி அங்கே பரவியிருந்தால் கத்தி வைத்துப் பயனில்லை, வியாழக்கிழமை அறுவையை விட்டுவிடலாம் என்றார் டாக்டர். கட்டிலில் இருந்தவர் லாரி ஓட்டும் மாமா. அந்தப் படத்தை எடுத்த காமா கேமராவுக்கு, படத்தைத் திருத்தும் கணக்கை எழுதுகிறவள் அவருடைய அக்கா மகள்.

ஊசியில் ஏற்றிய மருந்திலிருந்து காமா கதிர்கள் புறப்படும். சில நேரே வராமல் உடம்புக்குள் முட்டித் திசைமாறி வந்து, இல்லாத இடத்தைக் காட்டிப் பொய் சொல்லும். அந்தப் பொய்யைக் கழிப்பதுதான் அவள் வேலை. ஒரு கதிர் ஒரு தடவைதான் முட்டும் என்று வைத்துக்கொண்டு எழுதியிருந்தாள். சோதனைக்கு வைத்திருந்த தண்ணீர் பொம்மைக்கு அது கச்சிதமாகப் பொருந்தியது. பொம்மை ஒல்லி. மாமா அப்படியில்லை; பருத்த உடம்புக்குள் ஒரே கதிர் பல தடவை முட்டும்.

இரண்டு, மூன்று முட்டல்களையும் சேர்த்து எழுதினாள். கறை காணாமல் போனது. அவளுக்குச் சந்தோஷப்படப் பயமாக இருந்தது. மாமா என்பதற்காகக் கணக்கின் காதைத் திருகிவிட்டோமோ?

வார்டுக்குப் போய் அவருடைய பெல்ட்டைக் கேட்டாள்.

“எதுக்கும்மா? ஓடிப்போயிடுவேன்னு கட்டிப்போடப் போறியா?”

“பொம்மைக்குத் தொப்பை வைக்கணும் மாமா.”

“உங்க அத்தை இருபது வருஷமா திட்டுற தொப்பை. எதுக்காவது உதவட்டும்.”

கேமரா ஆபரேட்டர் பொம்மையைச் சுற்றித் தண்ணீர்ப் பைகளை அடுக்கினார், பெல்ட் மாமா வழக்கமாகப் போடும் ஓட்டைக்கு வரும்வரை. சிறுநீரகத்தின் இடத்தில் மருந்துக் குப்பி. முதுகெலும்பில் ஒன்றுமே வைக்காமல் படம் எடுத்தார்கள். பழைய கணக்கில் அதே இடத்தில் அதே கறை. புதியதில் கறையே இல்லை.

ஆபரேட்டர் லேசில் நம்புகிற ஆள் இல்லை. “நிஜமாவே ஒண்ணு இருந்தா அதையும் சேர்த்துத் துடைச்சிடுமோ?” என்று கேட்டார். முதுகெலும்பில் ஒரு பொட்டு மருந்தை வைத்து மறுபடி எடுத்தார்கள். பொட்டு அப்படியே நின்றது. படங்களை அள்ளிக்கொண்டு டாக்டரிடம் போனாள்.

டாக்டர் படங்களை மாற்றி மாற்றிப் பார்த்தார். எதற்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். மறுநாள் அதிலும் எலும்பு சுத்தமாக இருந்தது.

“வியாழக்கிழமை கத்தி உண்டு மாமா.”

கத்திக்கு இப்படிச் சிரித்த ஆளை நர்ஸ் பார்த்ததில்லையாம். மாமா பெல்ட்டை வாங்கித் தடவினார். ஒரு பை ஒழுகியிருந்ததால் இன்னும் ஈரம் காயவில்லை.

“ஏம்மா, பயத்துல பொம்மை ஒண்ணுக்குப் போயிடுச்சா?”