நாற்பத்திரண்டு கிலோமீட்டர்

ஊர் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்குப் பூட்டுப் போட்ட மறுநாளிலிருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை, இடுப்புவலி வந்தவளை ஏற்றினால் மட்டும் நீள ஆரம்பித்தது. மற்றபடி நாற்பத்திரண்டு கிலோமீட்டர்தான். மாசம் முப்பது பிரசவமாவது நடந்தால்தான் வார்டு உண்டு என்று மேலிடம் சொல்லியிருந்தது. இங்கே இருபத்தெட்டுதான் தேறியது. இரண்டு பிள்ளை குறைந்ததற்காகப் பத்துக் கட்டிலையும் கழற்றிவிட்டு, அந்த அறையில் பழைய ஃபைல்களை அடுக்கினார்கள். ஃபைலுக்கு வலி வராது பாருங்கள்.

முதலில் கண்டுகொண்டவர் ஆம்புலன்ஸ் டிரைவர். ஒற்றைப் பிள்ளை என்றால் மீட்டர் அறுபதைத் தொட்டது, இரட்டை என்றால் எண்பது. ஒரே பெட்ரோல் பங்க்கை நாலு தடவை தாண்ட வேண்டியிருந்தது. இரண்டு வருஷம் மனு எழுதி எழுதிக் கை வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு அதிகாரி வந்து, வேனில் காலாட்டிக்கொண்டே போய்த் திரும்பி, "நாப்பத்திரண்டுதானே இருக்கு? உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்றார். "வலியோட ஒருத்தி உள்ள இருந்தாத்தான் சார் நீளும்" என்றதற்கு, படிவத்தில் அப்படி ஒரு கட்டமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த மழைக்காலத்தில் டிரைவரின் மகளுக்கே வலி கண்டது. தலைச்சன் பிள்ளையை அவள் இதே வேனில்தான் பறிகொடுத்திருந்தாள். அன்றைக்கும் ஓட்டியவர் அவர்தான். "அப்பா, இந்தத் தடவை வெறுங்கையோட திரும்ப மாட்டேன்" என்றாள். அவர் நேரே நர்சம்மா வீட்டு வாசலில் வேனை நிறுத்தினார். இருபது வருஷம் பிரசவம் பார்த்த அந்தம்மாவை, வார்டை மூடியதும், தெருத்தெருவாகக் கொசுப்புழு எண்ண அனுப்பியிருந்தார்கள். "ஏறுங்கம்மா, எவன் கேக்கறான்னு பாத்துக்கலாம்" என்றார். நர்சம்மா கையுறையும் கத்தரியும் துணியும் எடுத்துக்கொண்டு ஏறினார்.

நாற்பத்தொன்பதாவது கிலோமீட்டரில், பட்டப்பகலில், "நிறுத்துங்கண்ணே!" என்று உள்ளிருந்து நர்சம்மா குரல் வந்தது. டிரைவர் இறங்கி, கடவுளையும் மேலிடத்தையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டு மழையில் நின்றார். குழந்தை வீறிட்டு அழுதது. அந்தச் சத்தம் கேட்டதுதான் தாமதம், சாலை சுருங்கி, பெரிய ஆஸ்பத்திரியின் கேட் பத்தடியில் வந்து நின்றது. அவர் ரோட்டிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டார். காவலாளி எட்டிப் பார்த்து, "அதான் பொறந்துடுச்சே, இனிமே எதுக்கு வந்தீங்க?" என்றான்.

பதிவு அலுவலகத்தில் பிறந்த இடம் எது என்று கேட்டார்கள். நாற்பத்தொன்பதாவது கிலோமீட்டர் என்றார் டிரைவர். சாலையே நாற்பத்திரண்டுதானே என்று குமாஸ்தா இழுத்தார். "அப்போ என் பேத்தி எங்க பொறந்தா? நீங்களே சொல்லுங்க" என்று குழந்தையை அவர் மேஜைமேல் கிடத்தினார் டிரைவர். அது ரிஜிஸ்டரையே நனைத்துவிட்டது. குமாஸ்தா வேறு பக்கம் புரட்டி, சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மேலிடத்துக் காகிதத்தில் சாலை இன்னமும் நாற்பத்திரண்டுதான். நர்சம்மா கொசுப்புழு எண்ணிய நேரம் போக வேனிலேயே இருக்கிறார். ஊரில் ஒருத்திக்கு எட்டு மாசம் ஆனால், எந்த ஆஸ்பத்திரி என்று இப்போது யாரும் கேட்பதில்லை. எத்தனையாவது கிலோமீட்டர் என்றுதான் கேட்கிறார்கள்.